துணுக்குக்கும் திருத்தம் வேண்டும்: அமெரிக்க வரலாற்று விநோதங்களை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களின் துணுக்குப் பக்க ஆசிரியர்களுக்கும், வரலாற்று விநோதக் காணொளிகள் தயாரிப்போருக்கும்,

"துணுக்குக்கெல்லாம் திருத்தம் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை." சேலத்தில் சூனியக்காரிகள் எரித்துக் கொல்லப்பட்டதாக வந்த ஒரு செய்தியின் பிழையைச் சுட்டியதற்குக் கிடைத்த பதில் இது. அனுப்பியவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த ஒற்றை வரி உங்களில் பலருடைய எழுதப்படாத விதியாகவே இருக்கிறது. அமெரிக்க வரலாற்றை மொழிபெயர்ப்பதும் அதில் வரும் தகவல்களைச் சரிபார்ப்பதுமே எங்கள் வேலை என்பதால், அந்த விதியை ஏற்க முடியவில்லை.

முதலில் அந்தச் சேலத்தையே எடுத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸ் சேலம்; மாம்பழச் சேலம் அல்ல. 1692இல் அங்கே 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்: 14 பெண்கள், 5 ஆண்கள். ஒருவர்கூட எரிக்கப்படவில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியம் தூக்குத்தண்டனைக்குரிய குற்றம். எரிப்பது ஐரோப்பாவின் மற்ற பகுதிகளிலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது. அந்தப் படங்களை எடுத்து இந்த ஊரின் மேல் ஒட்டிவிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற எண்பது வயது கிழவர் மீது கற்களை அடுக்கி நசுக்கினார்கள். அது தண்டனைகூட இல்லை. நீதிமன்ற விசாரணைக்கு உடன்படுகிறேன் என்று அவர் வாயால் சொல்லவைப்பதற்கான வதை. அவர் சொல்லவே இல்லை. 'நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்களை யாரும் தூக்கிலிடவில்லை. மறுத்தவர்களே கயிற்றில் தொங்கினார்கள். இதைவிட விநோதம் வேண்டுமா? எரிந்த கதையில் இதெல்லாம் கரிந்துபோகிறது. குற்றவாளியாகவே பதிவில் எஞ்சியிருந்த எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 2022இல்தான் விடுவித்தது. அதற்கு மனுப்போட்டு உழைத்தது ஒரு பள்ளி வகுப்பு. முந்நூறு ஆண்டு கழித்து ஓர் அரசு திருத்தம் போடுகிறது. துணுக்குப் பக்கத்தில் மட்டும் இடமில்லை.

எங்கள் குறை, சில தகவல்கள் தப்பாக வருகின்றன என்பதோடு நிற்கவில்லை. எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்பதை உரித்துப் போட்டுவிட்டு, வியப்பை மட்டும் உப்புக்கண்டம் போடுகிறீர்கள். காரணம் இல்லாத செய்தியைச் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாதது சாகாது. வருடா வருடம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

பாஸ்டன் மொலாசஸ் வெள்ளத்தைப் பாருங்கள். சர்க்கரை ஆலையில் எஞ்சும் கெட்டிப்பாகான மொலாசஸை நிரப்பி வைத்திருந்த ஒரு பெரிய தொட்டி 1919இல் அந்த நகரில் உடைந்து தெருவில் பாய்ந்தது. தமிழில் இது தேன் வெள்ளம், வெல்லப்பாகு சுனாமி, சர்க்கரைப்பாகு ஆறு என்று பல பெயரில் வந்துவிட்டது. சர்க்கரை ஆலைப் பக்கம் போன எவரும் அதை மொலாசஸ் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லையே போடுங்கள். அளவாக "ஒரு கோடி லிட்டர்" என்பது அடிக்கடி வருகிறது. இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆங்கில மூலத்தில் 23 லட்சம் காலன் என்று இருக்கும். மொழிபெயர்ப்பவர் பிரிட்டிஷ் காலனை எடுத்து 4.546ஆல் பெருக்கினால் ஒரு கோடியே நாலரை லட்சம் வரும். அமெரிக்கக் காலன் சிறியது, 3.785 லிட்டர்தான். அதால் பெருக்கினால் சுமார் 87 லட்சம் லிட்டர்.

எது சரி என்று பார்க்கப் பெரிய நூலகம் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும். தொட்டியின் விட்டம் 90 அடி, உயரம் 50 அடி. மீட்டரில் ஆரம் 13.7, உயரம் 15.24. உருளையின் கன அளவு சூத்திரத்தில் போட்டால், விளிம்பு வரை ததும்ப நிரப்பினாலும் ஏறத்தாழ 90 லட்சம் லிட்டர்தான் பிடிக்கும். அதாவது நீங்கள் அச்சிட்ட மொலாசஸ் அந்தத் தொட்டிக்குள்ளேயே அடங்காது. இந்த ஒரு கணக்கை எவராவது போட்டிருந்தால் அந்த எண் அச்சேறியிருக்காது.

சரி, தொட்டி ஏன் வெடித்தது? உங்கள் துணுக்குகளில் "திடீரென்று" என்ற சொல்லோடு இது முடிந்துவிடும். 1919 ஜனவரி 15 பிற்பகல் நடந்ததில் திடீர் என்பது எதுவுமே இல்லை. தொட்டியைக் கட்டியது 1915இல். மேற்பார்வை பார்த்த ஆர்தர் ஜெல் கணக்கு வழக்குப் பார்க்கும் பொருளாளர்; கட்டுமான வரைபடம் படிக்கத் தெரியாதவர். இப்படிப்பட்ட தொட்டியைக் கட்டி முடித்ததும் முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். மொலாசஸ் தண்ணீரைப்போல 1.4 மடங்கு கனம் என்பதால், முழுத் தண்ணீர்ச் சோதனைகூட உண்மைப் பாரத்தில் பத்தில் ஏழு பங்குதான். இங்கே ஊற்றிப் பார்த்ததோ ஆறு அங்குலத் தண்ணீர். எஃகுத் தகடுகள் குறிப்பிட்டதைவிட மெல்லியவை. அடித்தகடே முக்கால் அங்குலத்துக்குக் குறைவு. நிறைந்த நிலையில் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ அழுத்தம். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் 90 அடி விட்டத்தில் அது தகட்டைச் சுற்றுவாக்கில் பிய்த்து இழுக்கும்; தொட்டி அகலமாக ஆக அந்த இழுவிசை கூடும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில் விசை இன்னும் குவியும். போதாததற்கு அந்த எஃகில் மாங்கனீசு குறைவு, குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது என்று பிற்காலப் பொறியியல் ஆய்வு காட்டியது.

நிரப்பிய நாளிலிருந்தே தொட்டி கசிந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாளியில் பிடித்துப்போனார்கள். நிறுவனம் செய்தது என்ன? கசிவு கண்ணுக்குத் தெரியாமலிருக்கத் தொட்டிக்குப் பழுப்புச் சாயம் அடித்தது. உங்கள் துணுக்கில் இருக்கவேண்டிய வரி இதுதான் என்பது எங்கள் எண்ணம். 21 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 150 பேர் காயமடைந்தார்கள். 25 அடி உயர அலை, மணிக்கு 56 கிலோமீட்டர் வேகம். மாலையில் குளிர் ஏறஏற மொலாசஸ் இறுகியது. அதில் சிக்கியவர்களை இழுத்தெடுப்பது கடினமாயிற்று. கழுவ நல்ல தண்ணீர் உதவாமல் கடல்நீரைப் பீய்ச்சி, மணல் கொட்டி வழித்தார்கள்.

"மதுவிலக்கு வருமுன் அவசரமாக ரம் காய்ச்ச வைத்திருந்த சரக்கு" என்பதும் கூடவே வரும் ஒட்டுக்கதை. தொட்டியின் சொந்தக்காரர்கள் செய்தது தொழிற்சாலை ஆல்கஹால். முதல் உலகப்போர் நாளில் வெடிமருந்து செய்ய அதற்குப் பெரும் கிராக்கி. அமெரிக்க அரசியலமைப்பின் மதுவிலக்குத் திருத்தம் நிறைவேறத் தேவையான மாநிலங்களின் ஒப்புதல் எண்ணிக்கை முழுமையானது வெள்ளத்துக்கு மறுநாள், ஜனவரி 16. இரண்டு தேதியும் அடுத்தடுத்து இருப்பதால் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நிறுவனம் "அராஜகவாதிகள் குண்டு வைத்தார்கள்" என்று வாதாடியது. ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்து, 1925இல் நிறுவனமே பொறுப்பு என்று முடிவானது. கட்டடக் கணக்குகளில் பொறியாளர் கையெழுத்திட்டு அரசிடம் தாக்கல் செய்யவேண்டும் என்ற கெடுபிடி அதன்பிறகு இறுகியது. இதில் எதைச் சொன்னாலும் வாசகருக்கு ஒரு பிடிப்புக் கிடைத்திருக்கும். நீங்கள் கொடுத்தது 'இன்றும் வெயில் நாளில் பாஸ்டனில் இனிப்பு வாசம் வீசுகிறதாம்.'

பாஸ்டனிலேயே இன்னொன்று, தேநீர் விருந்து: 1773இல் பிரிட்டனை எதிர்த்துக் காலனி மக்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய போராட்டம். இதில் தமிழுக்கே உரிய ஒரு விபத்து இருக்கிறது. "போராட்டக்காரர்கள் இந்தியர் வேடமிட்டு, இந்தியத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்" என்று ஒரு காணொளி விவரிக்கிறது. கீழே கருத்துரைகளில் நம் மக்கள் பூரித்துப்போகிறார்கள். அவர்கள் போட்டது மோஹாக் என்ற அமெரிக்கப் பூர்வகுடியினரின் வேடம். கொட்டியது சீனத் தேயிலை: பொஹீ, காங்கூ, சூச்சாங், சிங்லோ, ஹைசன் என்று பெட்டிகளின் கணக்கே இருக்கிறது. மொத்தம் 340 பெட்டி, ஏறத்தாழ 42 டன். கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரைப் பார்த்ததும் தேயிலையும் நம் மலையிலிருந்து போனதாக நினைப்பது எளிது. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்ததே 1839இல். பாஸ்டன் சம்பவமோ 1773.

'வரியை ஏற்றினார்கள், மக்கள் கொதித்தார்கள்' என்பதும் தப்பு. 1773 தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவில்லை. கம்பெனி லண்டன் ஏலத்தைத் தாண்டி நேராகக் காலனிகளுக்கு விற்கலாம் என்று வழிவிட்டதால் தேயிலை மலிவாயிற்று. பவுண்டுக்கு மூன்று பென்னி என்ற பழைய தீர்வை மட்டும் அப்படியே நின்றது. மலிவு விலைக்கு மயங்கி அந்தத் தீர்வையைக் கட்டிவிட்டால், தங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றத்தின் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதே எதிர்ப்பு. கடத்தல் தேயிலை வியாபாரிகளின் வயிற்றெரிச்சலும் அதில் கலந்திருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஏன் டிசம்பர் 16 இரவு? தேயிலை ஏற்றிவந்த டார்ட்மத் கப்பல் துறைமுகம் வந்தது நவம்பர் 28. இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். கப்பலைத் திருப்பி அனுப்ப ஆளுநர் ஹட்சின்சன் அனுமதி தரவில்லை. கெடு மறுநாள் முடிகிறது. அந்த நேரம் கடல் வற்றியிருந்ததால் தேயிலை அமிழாமல் குவியலாக நின்றது. காலால் தள்ளிக் கலைத்தார்கள். 'தேநீர் விருந்து' என்ற பெயரே அரை நூற்றாண்டு கழித்துத்தான் வழக்குக்கு வந்தது. "இதற்குத் தேநீர் விருந்து எனப் பெயரிட்டு அன்றிரவே கொண்டாடினர்" என்று எழுதியவர் எந்தச் சாளரத்திலிருந்து பார்த்தாரோ தெரியவில்லை.

சொற்களைப் பற்றிப் பேசும்போதே ஒன்று. 'செவ்விந்தியர்' என்பதை விட்டுவிடுங்கள். மோஹாக், செரோகி, லகோட்டா என்று எந்த மக்களோ அந்தப் பெயரைப் போடுங்கள். தெரியாதபோது 'அமெரிக்கப் பூர்வகுடியினர்' போதும்.

அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்ற கதை பற்றிச் சுருக்கமாக. அவருடைய பல்செட்டுகளில் நீர்யானைத் தந்தம், பசுப்பல், மனிதப்பல், ஈயம், பித்தளைத் திருகு, இழுவிசைச் சுருள் எல்லாம் உண்டு. மரம் கிடையாது. தந்தம் கறையேறிப் பழுப்பாகி, மயிரிழை விரிசல்கள் மரத்தின் ரேகைபோலத் தெரிந்ததால் அந்தக் கதை பிறந்திருக்கலாம். 1784 மே மாதக் கணக்கேட்டில், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு இருக்கிறது. அவருடைய பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களை அது குறிக்கலாம். மரப்பல் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பவர்கள் இந்தப் பதிவுக்கு வந்ததும் வாய்மூடிவிடுகிறார்கள். சிறுவன் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டான் என்ற கதைக்கும் இதே கதிதான். அவர் இறந்தது 1799இல். அந்தக் கதை முதலில் தலைகாட்டியது 1806இல், வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் புதுப் பதிப்பில். ஒரு சம்பவத்தை யார், எந்த ஆண்டில் முதன்முதலில் எழுதினார் என்று கேட்டாலே பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 பற்றியும் அப்படித்தான். சுதந்திரத்துக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. நீங்கள் 'கையெழுத்திடும் காட்சி' என்று தலைப்பிட்டுப் போடும் ட்ரம்புல் ஓவியம், வரைவுக்குழு தன் வரைவைச் சமர்ப்பிக்கும் காட்சி. ஓவியத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை, பார்த்தாலே தெரியும். ஆனால் முன்னாள் அதிபர்கள் ஆடம்ஸ், ஜெஃபர்சன் இருவரும் ஒரே நாளில், சரியாக ஐம்பதாம் ஆண்டு ஜூலை 4 அன்று இறந்தது உண்மைதான். இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோ அதற்கு ஐந்து ஆண்டு கழித்து அதே தேதியில். நம்பமுடியாதது எல்லாமே பொய் என்றும் நாங்கள் சொல்லவில்லை.

சுட்டுக்கொல்லப்பட்ட அதிபர்கள் லிங்கனுக்கும் கென்னடிக்கும் உள்ள ஒற்றுமைகள் என்ற பட்டியலை ஒவ்வொரு நவம்பரிலும் போடுகிறீர்கள். இருவரும் காங்கிரசுக்குத் தேர்வான 1846, 1946, அதிபராகத் தேர்வான 1860, 1960 என்ற ஆண்டுகள் சரி. ஆனால் அதிபர் தேர்தல் நான்கால் வகுபடும் ஆண்டுகளில் மட்டும் வருவது. நூறும் நான்கால் வகுபடும். எந்த இரண்டு அதிபர்களை எடுத்தாலும் இடைவெளி நான்கின் மடங்காகவே பெரும்பாலும் இருக்கும். 'லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி' என்பது பொய். அவருடைய செயலாளர்கள் நிக்கோலேயும் ஹேயும். லிங்கனின் கொலையாளி பூத் பிறந்தது 1838இல். கென்னடியின் கொலையாளி பிறந்த 1939உடன் நூறாண்டுக் கணக்கு ஒத்துவர அதை 1839 ஆக்கிவிட்டார்கள். இத்தனை சிரமப்பட்டுப் பொய் சொல்லவேண்டியதே இல்லை. ரயில் நடைமேடையிலிருந்து விழவிருந்த லிங்கனின் மகன் ராபர்ட்டைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவர் எட்வின் பூத். லிங்கனைச் சுட்டவனின் அண்ணன். இதை ராபர்ட்டே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

அதிபர் கார்ஃபீல்டின் கதையில் நீங்கள் விட்டது வேறு. 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அதிபரின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் ஒரு கருவி செய்தார், கட்டிலின் உலோகச் சுருள் குழப்பியதால் தோற்றார் என்று எழுதுகிறீர்கள். சரி. தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்தப் பக்கத்தை மட்டும் தேடவிட்டார். குண்டு கிடந்தது இடப்பக்கம். கழுவாத விரலையும் கருவியையும் காயத்துக்குள் விட்டுத் துழாவியதில் சீழ் பிடித்தது. காயத்தைக் கிருமிநீக்கம் செய்யும் முறையைப் பிரிட்டிஷ் மருத்துவர் லிஸ்டர் வெளியிட்டு அப்போது பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. கார்ஃபீல்ட் செப்டம்பர் 19இல் இறந்தார். பிளிஸின் பெற்றோர் அவருக்கு வைத்த பெயரே 'டாக்டர்'. 'டாக்டர் டாக்டர் பிளிஸ்' என்று சொல்லவேண்டியவர். அரசு வேலை கேட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில்தான் கிடோ என்பவன் அதிபரைச் சுட்டான். அதிபரின் தயவில் வேலை பெறும் முறையை மாற்றி, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் பென்டில்டன் சட்டம் 1883இல் வந்தது அந்தச் சாவின் விளைவு. எங்கள் கண்ணில் பட்ட தமிழ்த் துணுக்குகள் எதிலும் இது இல்லை.

பணத்துக்கு வருவோம். அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து 1867இல் 72 லட்சம் டாலருக்கு வாங்கியதை இன்றைய ரூபாய் மதிப்பில் பெருக்கி "வெறும் 60 கோடி ரூபாய்" என்கிறீர்கள். அன்றைய டாலர் வேறு, இன்றைய டாலர் வேறு. ஏக்கருக்கு சுமார் இரண்டு சென்ட் என்று சொன்னால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். அலாஸ்காவில் உண்மையான விநோதம் நாட்காட்டியில் இருக்கிறது. ரஷ்யர்கள் ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியையும் ஆசியக் கிழமைக் கணக்கையும் வைத்திருந்தார்கள். கைமாறியபோது அக்டோபர் 6 வெள்ளிக்கு மறுநாள் அக்டோபர் 18 ஆனது, அதுவும் வெள்ளி.

சென்னைக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றிலும் அசட்டை. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டிக்கான கிடங்கு. "கடலில் மிதந்த பனிப்பாறைகளை வெட்டி வந்தார்கள்" என்ற வரியை எங்கே பிடித்தீர்கள்? மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த நன்னீர் பனி அது. குதிரை இழுக்கும் கலப்பைபோன்ற கருவியால் கோடு கிழித்து, ஒரே அளவுக் கட்டிகளாக அறுத்தார்கள். ஒரே அளவென்றால் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், காற்றுப் புகாது, உருகல் குறையும். சுற்றிலும் மரத்தூள். 1833 மே மாதம் 180 டன்னோடு கிளம்பிய டஸ்கனி கப்பல் நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. இந்தியாவுக்கு விற்க அமெரிக்காவிடம் அதிகச் சரக்கில்லை, கப்பல்கள் பாரத்துக்குக் கல்லேற்றி வந்தன. அந்த இடத்தைப் பனி பிடித்தது. அதனால் கப்பல் கட்டணம் மலிவானதால்தான் வியாபாரம் கட்டுப்படியானது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

ஒவ்வொரு துணுக்கோடும் ஆண்டும் ஊரும் அச்சிடுங்கள். "முன்னொரு காலத்தில் அமெரிக்காவில்" வேண்டாம். காலன், டன், பவுண்டு எதுவானாலும் அமெரிக்க அளவா பிரிட்டிஷ் அளவா என்று பார்த்து மெட்ரிக்கில் மாற்றுங்கள். அமெரிக்க டன் 907 கிலோ. பழைய டாலரை இன்றைய ரூபாய் விகிதத்தில் பெருக்குவதை நிறுத்துங்கள். 1752க்கு முந்தைய ஆங்கிலேயக் காலனித் தேதிகளில் ஜனவரி முதல் மார்ச் 24 வரை ஆண்டு ஒன்று குறைவாக இருக்கும், நாளும் தள்ளியிருக்கும். வாஷிங்டன் பிறந்தது அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இரண்டையும் கலக்காதீர்கள்.

வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் சொன்னதாக எதையாவது போடுமுன் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் அந்த ஆங்கில வாசகத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அவர்களுடைய கடிதங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இல்லையென்றால் போடாதீர்கள். பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பு இருக்கிறது, அதற்கும் காசில்லை. ஒரு துணுக்குக்குப் பத்து நிமிடம் ஆகும்.

திருத்தத்துக்கு மாதம் ஒரு பெட்டி ஒதுக்குங்கள், மூன்றாவது பக்கத்து மூலையில் வேண்டாம். காணொளியில் என்றால் விவரணையின் முதல் வரியிலேயே போடுங்கள். இந்த மடலில் பிழையிருந்தால் அதையும் அந்தப் பெட்டியிலேயே சுட்டுங்கள்.

முதல் திருத்தத்தின் வாசகத்தை நாங்களே தருகிறோம்: "சேலம், மாசசூசெட்ஸ், 1692: யாரும் எரிக்கப்படவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் கற்களால் நசுக்கப்பட்டார். தவறுக்கு வருந்துகிறோம்." அடுத்த இதழில் எதிர்பார்க்கிறோம்.